துடைப்பதா, விட்டுவிடுவதா? ஏர் ரைபிள் பேரல் பராமரிப்பு

ஏர் ரைபிள் புதிதாக வாங்கியவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பேரலை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பது. யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். போட்டிக்குத் தயாராகும் வீரர் ‘பயிற்சி முடிந்ததும்’ என்பார். தோட்டத்தில் தகர டப்பா அடுக்கிச் சுடுபவர், வாங்கியதிலிருந்து தொட்டதே இல்லை என்பார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் இரண்டையும் கேட்டுத் திடுக்கிட்டு, பித்தளை பிரஷ், கரைப்பான், எண்ணெய் என்று ஒரு பட்டியலே போடுவார். மூவரும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு துப்பாக்கி. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியில்தான் உண்மையான சர்ச்சை இருக்கிறது.

ராணுவத்தாரின் அக்கறைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் சேர்ப்பது வழக்கம். அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு பேரலுக்குள் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரிரவு விட்டுவைத்தாலே எஃகில் துரு ஏறத் தொடங்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசியாக வேண்டும் என்ற கண்டிப்பு அப்படி வந்தது. பின்னாளில் துரு ஏற்றாத பிரைமர்கள் வந்தன. ஆனாலும் கண்டிப்பு தளரவில்லை. வெடிமருந்தே இல்லாத ஏர் ரைபிளுக்கும் அது வந்து ஒட்டிக்கொண்டது.

ஏர் ரைபிளில் எரிவதற்கு ஒன்றுமில்லை. அழுத்திய காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியின் பெரிய சிறப்புகளில் புகை எழாததும் கரி படியாததும் அடங்கும். 1804இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அறியப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு போனது. கரி இல்லை, உப்பு இல்லை, செம்பு உறையிட்ட குண்டும் இல்லை. அப்படியானால் இன்றைய ஏர் ரைபிள் பேரலுக்குள் சேர்வது என்ன?

முதலில் ஈயம். பெல்லட் மென்மையான ஈயத்தால் ஆனது. பேரலின் உள்சுவரில் சுருண்டோடும் ரைஃப்லிங் பள்ளங்களில் அது அழுந்திச் சுழன்று போகும்போது மெல்லிய பூச்சாக ஈயம் சுவரில் ஒட்டும். அடுத்து, பெல்லட் காற்று பட்டு மாறாமலிருக்கவும் வழுக்கிச் செல்லவும் தயாரிப்பாளர் தடவிய கிராஃபைட்டோ எண்ணெயோ. ஸ்பிரிங் ரைபிளாக இருந்தால் பிஸ்டன் பக்கத்திலிருந்து வரும் கிரீஸ் ஆவியும் சேரும். புது ரைபிளில் தொழிற்சாலையில் பூசிய காப்பு எண்ணெயும், சில நேரம் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளும் இருக்கும். இவற்றோடு சாதாரணத் தூசி.

இவற்றில் துல்லியத்தைக் கெடுக்கக்கூடியது பெரும்பாலும் ஈயம்தான். மெல்லிய, சீரான ஈயப் பூச்சு கெடுதல் அல்ல. சொல்லப்போனால் பேரல் நன்றாகச் சுட அது வேண்டும். ஈயம் ஓரிடத்தில் திட்டாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் சேரும்போதுதான் தொல்லை. எவ்வளவு சேரும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பெல்லட்டின் வேகம். இங்கேதான் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேலைக்குள் வருகிறது.

ஜெர்மனியில் பதினெட்டு வயதான எவரும் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைபிளின் ஆற்றல் வரம்பு 7.5 ஜூல். போட்டிகளில் பயன்படும் 0.53 கிராம் பெல்லட்டை வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 168 மீட்டர் வேகம் வருகிறது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாத ஏர் ரைபிளின் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். அதே பெல்லட் அங்கே 248 மீட்டரைத் தொடும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும் ரைபிளில் அதே பெல்லட் வினாடிக்கு 275 மீட்டர் வரை பாயும். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான வரம்பு கிடையாது என்பதால், பெட்டியின் மேல் ‘வினாடிக்கு ஆயிரம் அடி’ என்று அச்சிட்டு விற்பது அங்கே சாதாரணம்.

வேகம் கூடக் கூட உராய்வு கூடுகிறது, ஒட்டும் ஈயமும் கூடுகிறது. ஆகவே ஜெர்மன் போட்டி ரைபிளுக்கான கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியாவில் வாங்கிய வேகமான ஸ்பிரிங் ரைபிளைப் பராமரிப்பதும் தவறு. அமெரிக்க வேட்டைக்காரரின் யோசனையை 10 மீட்டர் போட்டி ரைபிளுக்குப் பொருத்துவதும் தவறு. எந்த ஆலோசனையைக் கேட்டாலும், சொல்பவர் எந்த வேகத்தில் சுடுகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மிகக் குறைந்த வேகத்தில் சுடும் போட்டி வீரர்கள்தான் பேரலை அதிகம் துடைக்கிறார்கள் என்பது முரணாகத் தோன்றலாம். அவர்களுக்குத் தேவைப்படும் துல்லியம் அத்தகையது. 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைத் துளைக்க வரும் பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இந்தப் போட்டியில்தான் 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2012இல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும் இதே பிரிவில். இப்போது தகுதிச் சுற்றிலேயே புள்ளிகள் தசமத்தில் எண்ணப்படுகின்றன. ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9. அறுபது ஷாட்டில் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை விலகினாலும் இறுதிச் சுற்று வாய்ப்புக் கைநழுவும். அவர்கள் பேரலில் ஒரு பொட்டு அழுக்கையும் சந்தேகிப்பது நியாயம்.

ஆனால் சந்தேகம் எல்லாவற்றையும் பேரல் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முந்திய ஒத்திகை ஷாட்டுகளில் தன் ரைபிளின் குறி வெகுவாக விலகியிருந்ததை பிந்த்ராவே தன் நூலில் சொல்லியிருக்கிறார். அவர் அவசரமாகத் திருத்தியது குறிபார்க்கும் சைட்டைத்தான். திருத்திய கையோடு தங்கத்தையும் வென்றார். ஷாட்டுகள் திடீரென்று இடம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியவை சைட்டின் திருகுகள், கட்டையையும் பேரலையும் பிணைக்கும் போல்ட்டுகள், பெல்லட் டப்பா மாறிவிட்டதா என்பது. ஷாட்டுகள் சேர்ந்து விழும் கூட்டம், அதாவது குரூப், மொத்தமும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது பேரலின் அழுக்காக இருப்பது அரிது. நடு மாறாமல் குரூப் மட்டும் நாளாக ஆக விரிந்துகொண்டே போனால்தான் பேரலைச் சந்தேகிக்கலாம்.

இனி சர்ச்சைக்கு வருவோம். ஏர் ரைபிள் பேரல் சுட்டுத் தேய்வதில்லை என்பதில் தயாரிப்பாளர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள், பழகிய வீரர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கருத்தில் இருக்கிறார்கள். ஈயம் எஃகைவிடப் பல மடங்கு மென்மையானது. தீயும் இல்லை, கடும் வெப்பமும் இல்லை. முறையாக வைத்திருந்தால் ஒரு பேரல் பல லட்சம் ஷாட் தாங்கும். அப்படியானால் கெட்டுப்போன பேரல்கள் எப்படிக் கெடுகின்றன? பெரும்பகுதி துருவால், அடுத்தபடியாகத் துடைத்தே.

துடைப்பதால் எப்படிக் கெடும் என்பதை அருகில் பார்க்க வேண்டும். ஏர் ரைபிள் பேரலின் எஃகு, பெரிய ரைபிள்களின் பேரல் அளவுக்குக் கடினமானது அல்ல. ரைஃப்லிங் மேடுகளின் உயரமும் மிகக் குறைவு. துண்டு துண்டாகத் திருகி நீட்டும் மலிவான கம்பியை உள்ளே விட்டால், இணைப்புகளின் விளிம்பு ஒவ்வொரு முறையும் அந்த மேடுகளை உரசும். அலுமினியக் கம்பி மென்மையானது, அதனால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மென்மையில்தான் ஆபத்தே இருக்கிறது. மணல் துகள் அதில் பதிந்துகொள்ளும்; பிறகு அந்தக் கம்பி அரம்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் பெல்லட் வெளியேறும் முனை. அந்த விளிம்பை ‘கிரௌன்’ என்பார்கள். பெல்லட் பேரலை விட்டுப் பிரியும் கடைசிக் கணத்தில் அதன் பின்பக்கப் பாவாடையைச் சுற்றிக் காற்று எல்லாத் திசையிலும் சமமாக வெளியேற வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் சின்னக் கீறல் இருந்தாலும் காற்று அங்கே முந்திக்கொண்டு பீறிடும். பெல்லட் தலையாட்டிக்கொண்டே போகும். முனை வழியாகக் கம்பியை விட்டு விட்டு எடுப்பவர்கள் தேய்ப்பது இந்த விளிம்பைத்தான். சந்தேகம் இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். பிசிறு இருக்குமிடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாததையும் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும்.

பல நல்ல பேரல்களில் முனைக்குச் சற்று முன்பாகத் துளை மிக மிகச் சிறிதளவு குறுகும். இதைச் ‘சோக்’ என்கிறார்கள். எல்லாப் பெல்லட்டும் ஒரே அளவில் வெளியேற இது உதவுகிறது. 1925இல் தொடங்கிய ஜெர்மனியின் லோதார் வால்தர் நிறுவனத்தின் ஏர் ரைபிள் பேரல்கள் இதற்குப் பேர்போனவை. ஒரு பெல்லட்டைப் பின்பக்கத்திலிருந்து கம்பியால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் இது கையில் தெரியும். ஒரே சீராக வழுக்கி வந்து, கடைசியில் இறுகும். இடையில் எங்காவது சுருக்கென்று பிடித்துவிட்டு மறுபடி தளர்ந்தால் அங்கே ஈயத் திட்டோ துருவோ இருக்கலாம். முனைப்பக்கம் கடினமான எதையும் விட்டுத் தேய்த்தால் கிரௌனோடு சோக்கும் பாழாகும்.

ஆகவே எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் முதல் விதி: பெல்லட் போடும் பக்கத்திலிருந்து தொடங்கி, முனை வழியாக வெளியேற்ற வேண்டும். பெல்லட் செல்லும் திசையே அழுக்குச் செல்லும் திசையாகவும் இருக்கட்டும்.

இதற்கு ஜெர்மன் போட்டி மரபு கண்டுபிடித்த வழி ஃபெல்ட் பெல்லட். அழுத்திய கம்பளி நாரில் பேரல் துளைக்குச் சரியாக வெட்டிய சின்ன உருளை அது. இவற்றில் உலகெங்கும் புழங்கும் வி.எஃப்.ஜி. ஃபெல்ட், கீங்கன் என்ற ஊரின் பழைய ஃபெல்ட் ஆலையிலிருந்து வருகிறது. உயர் அழுத்தக் காற்றில் இயங்கும் போட்டி ரைபிளில் ஒன்றிரண்டு ஃபெல்ட்டை பெல்லட் போடுவதுபோலவே போட்டு, பாதுகாப்பான திசையில் சுட்டுவிடுவார்கள். முதல் ஃபெல்ட் கன்னங்கரேலென்று வரும். இரண்டாவது சாம்பல் நிறத்தில், பக்கவாட்டில் ரைஃப்லிங் பதிந்த கோடுகளோடு வரும். மூன்றாவதில் லேசான கறை மட்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அரிசி களையும்போது தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும் வரை யாரும் களைந்துகொண்டிருப்பதில்லை. ஃபெல்ட் வெள்ளை வெளேரென்று வர வேண்டும் என்று பெட்டியைக் காலி செய்வதும் வீண் வேலை. உள்ளே இருக்க வேண்டிய மெல்லிய ஈயப் பூச்சையும் சேர்த்துக் கழற்றிவிடுவதுதான் அதில் மிஞ்சும்.

ஸ்பிரிங் ரைபிளில் இதே ஃபெல்ட்டைச் சுடவே கூடாது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தியாவில் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஸ்பிரிங் ரைபிள்கள். ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் பாய்ந்து வருகிறது. பெல்லட்டின் எடையும் இறுக்கமும் காற்றைத் தடுத்து வைக்க, அந்தக் காற்றே மெத்தையாகிப் பிஸ்டனை முட்டவிடாமல் தாங்குகிறது. ஃபெல்ட்டுக்கு எடை இல்லை. மெத்தை உருவாகும் முன்பே அது பறந்துவிடும். பிஸ்டன் சிலிண்டரின் சுவரில் போய் அறையும். சீலும் ஸ்பிரிங்கும் சேதமாகும். ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர் ஃபெல்ட்டையோ துணியையோ கம்பியால் தள்ள வேண்டும், அல்லது இழுக்க வேண்டும்.

இழுக்கும் முறைதான் எளிது, மலிவு, பாதுகாப்பும் கூட. புல்வெட்டும் எந்திரத்தில் மாட்டும் தடித்த நைலான் நரம்பு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் போதும். ஒரு முனையைச் சாய்வாக வெட்டிக் கூராக்க வேண்டும். மறுமுனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருண்டையாக்கினால் துணி நழுவாது. கூர்முனையால் சின்னச் சதுரப் பருத்தித் துணியைக் குத்தி உருண்டை வரை தள்ளி, முனைப்பக்கம் நரம்பு வரும்படி பின்பக்கத்திலிருந்து செருகி, நேராக, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பழைய பனியன் துணி இதற்கு அருமை. துணி மிகப் பெரிதாக இருந்தால் நடுவில் சிக்கும். சிக்கினால் வலித்து இழுக்காமல் பின்பக்கமாகவே திரும்ப எடுப்பது நல்லது. பேரல் அசையாத ரைபிள்களிலும் பெல்லட் போடும் திறப்பின் வழியாக நரம்பைச் செருக முடியும் என்பது இதன் கூடுதல் வசதி.

கம்பியேதான் வேண்டும் என்பவர்கள் மூட்டே இல்லாத, பிளாஸ்டிக் பூசிய, கைப்பிடிக்குள் தானாகச் சுழலும் ஒற்றைக் கம்பியை வாங்க வேண்டும். சுழன்றால்தான் துணி ரைஃப்லிங்கோடு திரும்பி, பள்ளத்தின் அடிவரை துடைக்கும். ஒவ்வொரு முறை உள்ளே விடும் முன்பும் கம்பியைத் துடைத்துவிட வேண்டும்.

எதைச் செய்யும் முன்பும் ரைபிளில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று பார்ப்பது கட்டாயம். காற்றுச் சிலிண்டர் உள்ள ரைபிளில் அதைக் கழற்றி வைத்துவிடுவது உத்தமம். பேரலை மடக்கிச் செருகும் வகை ரைபிளில் பேரலைத் திறந்தபடி வைத்துத் துடைக்கும்போது விசை தட்டுப்பட்டால் பேரல் படீரென்று மேலே எகிறும். இடையில் இருக்கும் விரல் நசுங்கும், கட்டையும் பிளந்துபோகும். ஸ்பிரிங்கை ஏற்றாமல், பேரலை மட்டும் பாதி மடக்கித் திறந்தால் இந்த அபாயமே இல்லை.

என்ன ஊற்றித் துடைப்பது என்பதில் நம்மூர்ப் பழக்கங்கள் சில மாற வேண்டும். வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகும், தூசியை இழுக்கும். ஸ்பிரிங் ரைபிளின் பேரல் வழியாகத் தையல் மெஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டால், அது காற்றறைக்குள் இறங்கி, பிஸ்டன் அழுத்தும் வெப்பத்தில் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது, அதனால் இதற்கு ‘டீசலிங்’ என்றே பெயர். பெரிய சத்தமும் புகையும் வந்தால் ரைபிளுக்குச் சக்தி கூடிவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். சீல் கருகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் ரைபிள்களில் விபரீதம் இன்னும் பெரிது. அவற்றின் காற்றுப் பாதைக்குப் பெட்ரோலியம் சேர்ந்த எண்ணெய் ஆகவே ஆகாது. ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான். அந்தச் சிலிண்டர்களுக்கு அதிகபட்சம் பத்தாண்டுதான் ஆயுள் என்பதையும், தேதி கடந்த சிலிண்டரோடு சர்வதேசப் போட்டியில் இறங்க முடியாது என்பதையும் இங்கே நினைவூட்டுவது தகும்.

பெரிய ரைபிள்களுக்கு விற்கும் அமோனியா கலந்த கரைப்பான் செம்பைக் கரைப்பதற்கானது. ஏர் ரைபிளில் செம்பே இல்லாதபோது அதற்கு வேலையில்லை; ரப்பர் சீலைக் கெடுப்பதுதான் மிச்சம். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரைந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. கரையும்தான். கரைந்து உண்டாவது ஈய அசிடேட், உடலில் எளிதாகக் கலந்துவிடக்கூடிய நஞ்சு. எஃகையும் அந்தக் கலவை அரிக்கும். யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெரும்பாலான நேரங்களில் காய்ந்த துணியே போதும். போதாவிட்டால், ஏர் ரைபிளுக்கென்றே விற்கும் மென்மையான திரவத்தை ஒரு சொட்டு துணியில் விட்டு இழுத்து, பிறகு காய்ந்த துணியால் முழுக்க உலர்த்த வேண்டும்.

பிரஷ் விஷயத்தில் கருத்து பிளவுபட்டிருக்கிறது. அமெரிக்காவின் மூத்த ஏர்கன் எழுத்தாளர் டாம் கேலார்ட், எஃகுப் பேரலில் நிறைய ஈயம் ஏறியிருந்தாலோ புதுப் பேரல் சொரசொரப்பாக இருந்தாலோ பித்தளை பிரஷில் ஜே.பி. என்ற மெருகேற்றும் பேஸ்ட்டைத் தடவி முன்னும் பின்னும் இருபது இருபது முறை தேய்க்கலாம் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார். எஃகைவிடப் பித்தளை மென்மையானது என்பது அவர் வாதம். அதே கேலார்ட், வேகம் குறைந்த ரைபிள்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது என்றும், பித்தளைப் பேரலில் இதைச் செய்யவே கூடாது என்றும் சொல்கிறார். எதிர்த்தரப்பு, பேஸ்ட் என்பது அரைக்கும் பொருள்தான், அனுபவமில்லாத கை அதைச் சோக்கிலும் கிரௌனிலும் அதிகம் தேய்த்துவிடும் என்கிறது. இரண்டையும் எடைபோட்டால், மலிவான, வேகமான, குரூப் விரியும் ரைபிளுக்குக் கடைசி மருந்தாக ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை என்று படுகிறது. போட்டி ரைபிளில் அதற்கு இடமே இல்லை. மாதம் ஒருமுறை பேஸ்ட் போடுபவர் பேரலைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, எப்போது துடைப்பது? நாள்கணக்கு, ஷாட் கணக்கு எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி அட்டை. ரைபிள் நன்றாகச் சுடும் நாளில், ஒரே டப்பா பெல்லட்டில், மணல் மூட்டை மேல் சாய்த்து வைத்துப் பத்துப் பத்து ஷாட்டாக ஐந்து குரூப் சுட்டு, ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்து, அட்டையின் பின்னாலேயே தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பிறகு ஆயிரம் ஷாட்டுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்ய வேண்டும். சராசரி கூடத் தொடங்கும் இடம்தான் அந்த ரைபிளுக்கு, அந்தப் பெல்லட்டுக்கு உரிய துடைக்கும் நேரம். ஐந்து ஷாட் கொண்ட ஒற்றைக் குரூப்பை வைத்து முடிவெடுப்பது ஏமாற்றும். கை நடுங்கிய ஒரு ஷாட் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். இதைச் செய்து பார்ப்பவர்களில் பலர், தாங்கள் நினைத்ததைவிட மிக அரிதாகத் துடைத்தால் போதும் என்று கண்டுகொள்வார்கள்.

துடைத்த உடனே போட்டிக்குப் போவது மற்றொரு பிழை. ஈயப் பூச்சு மறுபடி சீராகப் படியும் வரை ஷாட்டுகள் அலையும். சில பேரல்கள் பத்து ஷாட்டில் அமைதியாகும், சிலவற்றுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். போட்டிக்கு முந்தைய இரவு ஆர்வக்கோளாறில் பேரலை மினுக்கி வைத்துவிட்டு, மறுநாள் ஒத்திகை நேரம் முழுவதையும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே செலவழிப்பது தேவையில்லாத தண்டனை. புது ரைபிளுக்கும் இதுவே: காப்பு எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு ஒரு டப்பா பெல்லட்டாவது சுட்ட பிறகே அதன் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இவ்வளவும் ஈயத்தைப் பற்றி. கடற்கரை ஊர்களில் ஈயத்தைவிடப் பெரிய எதிரி துரு. மெரினா மணலில் பலூன் சுடும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ரைபிள்கள் நாள் முழுக்க உப்புக் காற்றிலும் வியர்வைக் கைகளிலும் இருப்பது தெரியும். ஓயாமல் சுடும் ரைபிளின் பேரல் உட்புறத்தை ஈயப் பூச்சே ஓரளவு காப்பாற்றும். ஆனால் மாதக்கணக்கில் அலமாரியில் உறங்கும் ரைபிளுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் பூட்டி வைப்பதுதான் மிக மோசம். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து ரைபிள் மேலேயே வைத்துக்கொண்டிருக்கும். நீண்ட நாள் சுடப் போவதில்லை என்றால், துணியில் துளி காப்பு எண்ணெய் தொட்டுப் பேரலுக்குள் ஒருமுறை இழுத்து, முனை கீழே பார்க்க நிறுத்தி வைக்கலாம். மிஞ்சிய எண்ணெய் காற்றறைப் பக்கம் இறங்காமல் வெளியே வடியும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கூடவே வைத்தால் நல்லது. மறுபடி எடுக்கும்போது காய்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்த பிறகே முதல் பெல்லட்.

வெளிப்புறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுட்டு முடித்ததும் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

பேரலைக் காப்பாற்றுவதில் பாதி வேலை பெல்லட் வாங்கும்போதே முடிந்துவிடுகிறது என்பதை வீரர்கள் சீக்கிரமே உணர்ந்துவிடுகிறார்கள், வீட்டில் சுடுபவர்கள் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். பெல்லட் டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்த அளவு வேறு. தளர்ந்த பெல்லட் காற்றைக் கசியவிடும். தலை சப்பிய பெல்லட் ஈயத்தைச் செதில் செதிலாக உள்ளே விட்டுப் போகும். மூடி திறந்து கிடந்த டப்பாவில் தூசியும் வெள்ளைப் பொடியும் இருந்தால் அவை நேரே பேரலுக்குள்தான் போகின்றன. அந்த வெள்ளைப் பொடி காற்று பட்டு மாறிய ஈயம். கீழே மணலில் விழுந்த பெல்லட்டைப் பொறுக்கித் துடைத்துப் போடுவது சிக்கனம் போலத் தோன்றும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் ஒரே ஷாட்டில் பேரலின் முழு நீளத்துக்கும் கோடு கிழித்துவிடும்.

கடைசியாக ஒன்று, பேரலைவிட முக்கியமானது. இந்த விளையாட்டுக்கு இப்போது பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். துடைத்தெடுத்த துணியிலும் ஃபெல்ட்டிலும் இருக்கும் கறுப்பு, ஈயம். பிள்ளைகளின் உடலுக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ரைபிளை மடக்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் முதல் நாளே நிறுத்த வேண்டும். துடைக்கும் வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்ய வேண்டாம். அழுக்குத் துணிகளை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் மூடியுள்ள தனி டப்பாவில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு ரேஞ்சிலும் தண்ணீர்க் குழாயும் சோப்பும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ரைபிளைப் பெட்டியில் வைத்த பிறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீயும் பிஸ்கட்டும்.